சம்பந்தியோடு ஒரு வாரம்

ஜன்னலோர இருக்கைக்காக இருவரும் சண்டை போட்டார்கள்.

நீங்கள் உட்காருங்கள் என்றாள் அவள். இல்லை, நீங்கள்தான் உட்கார வேண்டும் என்றாள் சாந்தாமணி.

வியட்நாமில் இறங்கிய நாளிலிருந்து இதே சண்டை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த சுற்றுலாக் குழு மொத்தமும் பேருந்தில் காத்திருந்தது. வழிகாட்டி லான் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னாள்.

"சீக்கிரம்."

சாந்தாமணி அவளுக்குச் சம்பந்தி, மகளின் மாமியார். கல்யாணத்தில் தனக்கு முன்னால் யாருக்கோ இலை போட்டுவிட்டார்கள் என்று சாப்பிடாமல் மண்டபத்து வாசலில் நின்றவள். அந்தச் சாந்தாமணி இப்போது அவளுடைய பையையும் சேர்த்துத் தூக்கி வருகிறாள். விடிவதற்குள் எழுந்து, குளியலறைக் குழாயில் வெந்நீர் வருகிறதா என்று அவளுக்காக நெடுநேரம் திறந்துவிட்டுப் பார்க்கிறாள்.

பாவம், இன்னும் தெரியாது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் டொராண்டோவிலிருந்து மகள் அழைத்திருந்தாள். நானும் அவரும் பிரியப்போகிறோம் அம்மா. பேசி முடிவு செய்தாயிற்று. அத்தையிடம் நீ வாயைத் திறக்காதே. ஊர் சுற்றித் திரும்பட்டும், அவரே சொல்லிக்கொள்வார்.

மகளும் மருமகனும் நன்றாக இருந்த நாளில் சேர்ந்து எடுத்துக் கொடுத்த பயணம் இது. இரண்டு அம்மாக்களும் ஒருமுறை எங்கேயாவது போய் வரட்டும் என்று. போகவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். அவளுக்குப் பொய் வராது.

ஆகவே வந்துவிட்டாள்.

கடலுக்குள் முளைத்து நின்ற பாறைகளைப் பார்த்தாள். தண்ணீர்மேல் ஆடிய பொம்மைகளைப் பார்த்தாள். மலைமேல், இரண்டு பிரம்மாண்டமான கைகள் தாங்கி நிற்கும் பாலத்தில், சாந்தாமணியின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். கை கூசியது.

கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயைச் சாந்தாமணியின் தட்டில் வைத்தாள். சாந்தாமணி அதில் பாதியை இவள் தட்டுக்குத் திருப்பினாள்.

இரவெல்லாம் சாந்தாமணி குறட்டை விட்டாள். காலையில் நல்ல தூக்கமா என்று சாந்தாமணி கேட்டபோது, நல்ல தூக்கம் என்றாள் இவள்.

பொய் வந்துவிட்டது.

அப்புறம் ஹோய் ஆன் என்ற பழைய ஊர். தெருவெங்கும் பட்டு விளக்குகள். விளக்குகளுக்குக் கீழே தையல் கடைகள். இன்று அளவு கொடுத்தால் நாளை மாலை உடுப்பு என்றார்கள். குழுவே கடைக்குள் புகுந்தது. மகனுக்கு, மருமகளுக்கு, பேரனுக்கு என்று ஆளாளுக்குத் துணியை உருவினார்கள்.

சும்மா நின்றால் சம்பந்தி சந்தேகப்படுவாள். அவள் மருமகனுக்கென்று ஒரு கருநீலப் பட்டைத் தொட்டுக் காட்டினாள். சாந்தாமணி அவசரமாக அதே பட்டைத் தொட்டு, மருமகளுக்கு என்றாள்.

தையற்காரிக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்துத் துணியை அளந்து கத்தரித்தாள். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே மாதிரி, ஜோடியாகத் தைத்துவிடலாம் என்று லானிடம் சொல்ல, லான் ஆங்கிலத்தில் சொல்ல, பின்னாலிருந்த ஒருவர் தமிழில் சொன்னார்.

"வேண்டாமுங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கொஞ்சம் சத்தமாகவே.

பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழு அடுத்த கடைக்கு நகர்ந்தது.

"உங்களுக்குந் தெரியுமாட்ட இருக்குதுங்களே," என்றாள் சாந்தாமணி.

பையன் சாந்தாமணிக்கும் அதே வாரம்தான் சொல்லியிருந்தான். சம்பந்தியிடம் வாயைத் திறக்காதே என்றுதான் அவனும் சொல்லியிருந்தான். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்றாள் சாந்தாமணி. வெந்நீர் முதல் நாளே நன்றாகத்தான் வந்ததாம்.

இவள் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"யாரு மேல தப்புன்னு சொன்னாருங்க மாப்பிள்ளை?"

"உங்க பொண்ணு மேலன்னு. உங்க பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"உங்க பையன் மேலன்னு."

சாந்தாமணி வெட்டிய துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"பத்துக்குப் பத்துப் பொருத்தம்னு அன்னிக்கே சொன்னாங்களே."

அவள் சிரித்தாள். சாந்தாமணியும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இருவருக்கும் தெரியவில்லை. விலை கேட்டுத்தான் அழுகிறார்கள் என்று நினைத்த தையற்காரி விலையைக் குறைத்தாள்.

துணியை வெட்டியாயிற்று. யாருக்காவது தைக்க வேண்டும்.

சாந்தாமணி கைகளை விரித்து அளவுக்கு நின்றாள். வாங்க என்று அவளையும் கண்ணால் கூப்பிட்டாள்.

மறுநாள் பேருந்தில் அவள் ஏறிய வேகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நீங்கள் விடுகிற குறட்டைக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி என்றாள். ஊறுகாயில் உப்புப் போதாது, முதல் நாளே சொல்ல நினைத்தேன் என்றாள் சாந்தாமணி. வழி முழுக்கச் சண்டை. பையனை நீங்கள் வளர்த்த லட்சணம் என்று இவள். பெண்ணுக்கு நீங்கள் கொடுத்த செல்லம் என்று அவள். நடுவில் ஒரு கொய்யாப்பழத்தைப் பிட்டுத் தின்றார்கள்.

மாலையில் உடுப்பு வந்தது. இந்த ஊர்ப் பெண்கள் போடுகிற நீண்ட பட்டு அங்கி, உள்ளே தொளதொளவென்று கால்சட்டை. அறுபது வயதுவரை சேலை தவிர எதையும் உடுத்தாத சாந்தாமணி, வாய்க்காலைத் தாண்டுகிறவள்போல் காலை அகட்டி அகட்டி உணவு விடுதிக்குள் நடந்துவந்தாள். குழு சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

லான் படம் எடுத்துக் கொடுத்தாள். ஒரே கருநீலத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள். இந்தமுறை கை கூசவில்லை.

படத்தை இவள் மகளுக்கு அனுப்பினாள். சாந்தாமணி மகனுக்கு அனுப்பினாள். வேறொன்றும் எழுதவில்லை.

டொராண்டோவில் அப்போதுதான் காலை.

சோற்றில் கை வைத்ததும் இவளுடைய கைப்பேசி அடித்தது. உடனே சாந்தாமணியுடையதும் அடித்தது. மேசையின் இரண்டு ஓரங்களில் இருந்த கைப்பேசிகள் அதிர்ந்து அதிர்ந்து, வழவழப்பான பலகைமேல் ஒன்றை நோக்கி ஒன்று மெல்ல நகர ஆரம்பித்தன.

யாரும் எடுக்கவில்லை.

சாந்தாமணி நடுவிலிருந்த பப்பாளித் தட்டை மட்டும் சற்று ஒதுக்கி வைத்தாள்.