எட்டுக் கையெழுத்து

“எட்டுக் கையெழுத்து வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதே!”

தலைமை எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். கல்லூரி முழுக்க அவருக்கு முட்டுக்கட்டை என்றுதான் பெயர். ஒரு சான்றிதழ் கேட்டு அவரிடம் போனவன் தாடியோடுதான் திரும்பி வந்தான் என்று சொல்வார்கள்.

எதிரே நின்ற முதலாமாண்டு மாணவிக்கும் விடுதியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அழுமூஞ்சி. சேர்ந்து ஏழு வாரம் ஆகியும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்லை, கெமிஸ்ட்ரியில் ஐம்பதுக்குப் பதினொன்று. படிப்பும் வேண்டாம், பட்டமும் வேண்டாம் என்று விலகல் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். அதன் அடியில் இருந்த ஒரே ஒரு புள்ளிக்கோட்டின்மேல் அப்பாவின் கையெழுத்து அரைமனதாகச் சாய்ந்திருந்தது.

முட்டுக்கட்டை தன் மேசை இழுப்பறையைத் திறந்தார். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி, அதன் அடியிலிருந்து மங்கலான ஒரு தாளை உருவி, படிவத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். பக்கத்து மேசையில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த உதவியாளர் பெண், அழுமூஞ்சியைப் பாவமாகப் பார்த்தாள்.

“சார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஊருக்கு பஸ்...”

“இன்னைக்குத் திங்கள். நின்னுட்டே இருந்தா பஸ் போயிடும். ஓடு!”

மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டே நூலகத்துக்குப் போனாள். நூலகர் அவளுடைய அட்டையைப் புரட்டினார்.

“ஒரு புத்தகம்கூட எடுக்கலையேம்மா. எடுக்காத புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தாச்சுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? ஒண்ணை எடு, படி, கொண்டா.”

அவராகவே ஒரு மெல்லிய கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுத்து நீட்டினார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து படித்தாள். ஓரளவு புரிந்து தொலைத்தது.

மருத்துவ அறையில் நர்ஸ் விடவில்லை. கண் பரிசோதனை செய்யாமல் கையெழுத்துக் கிடையாதாம். சுவரில் இருந்த அட்டையில் நான்காவது வரியோடு அழுமூஞ்சி நின்றுவிட்டாள்.

“கிளாஸ்ல போர்டு தெரியுதா உனக்கு?”

“மசமசன்னு தெரியும் சிஸ்டர். எல்லாருக்கும் அப்படித்தானே?”

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு கண்ணாடிக்குச் சீட்டு எழுதினார்.

கெமிஸ்ட்ரி ஆசிரியர், தப்பான விடைகளைத் திருத்தி எழுதினால்தான் பென்சிலையே தொடுவேன் என்றார். பக்கத்தில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் உயிரை எடுத்தார். பாதியில் அவள் “இவ்வளவுதானா சார்?” என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விளையாட்டு ஆசிரியர் அவளுடைய உயரத்தை ஏற இறங்கப் பார்த்தார். “டீம்ல ஒரு ஆள் குறையுது. பத்து நிமிஷம் வலைக்கிட்ட நில்லு, அப்புறம் போடறேன்.” பத்து நிமிஷம் என்றது இருட்டும்வரை நீண்டது.

விடுதி வார்டன்தான் மோசம். அந்த மாடியில் இருக்கும் எல்லோரிடமும் அவளே போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றார். பன்னிரண்டு கதவு! முதல் கதவை ஒற்றை விரலால் மெல்லத் தட்டினாள். ஏழாவது அறையில் இருந்தவள் அவளைப் பார்த்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

“நீயும் போறியா? தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் நீ அழற சத்தம் கேக்கும். நமக்கு ஒரு துணை இருக்குன்னுதான்டி நான் இத்தனை நாள் ஓட்டினேன்!”

அழுமூஞ்சியே அவளுக்கு ஆறுதல் சொல்லி, தேநீர் போட்டுக் கொடுத்தாள். மீதி ஐந்து கதவுகளையும் இருவருமாகத் தட்டினார்கள். கணக்கு மேடத்திடமும் துறைத் தலைவரிடமும்கூட இரண்டு பேருமாகவே போனார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் மூடும் நேரத்துக்கு அவள் வந்து நின்றாள். மூக்கின்மேல் புதுக் கண்ணாடி, கையிடுக்கில் பந்து. முட்டுக்கட்டை தாளை வாங்கி, விரல் வைத்து எண்ணினார்.

“ஏழுதான் இருக்கு. எட்டாவது யாரு போடலை?”

“நான்தான் சார். கடைசிக் கோடு ‘மாணவர் கையெழுத்து’ன்னு இருக்கு. எனக்குப் போட மனசு வரலை. நான் போகலை சார்.”

“அஞ்சு நாள் ஊரையே அலைக்கழிச்சிட்டு இப்ப வந்து போகலையாம்! என் நேரமெல்லாம் தண்டம். கிளம்பு, கிளம்பு.”

அவர் விலகல் படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். மங்கலான தாளில் இருந்த பென்சில் கையெழுத்துகளை மட்டும் ரப்பரால் பொறுமையாக அழித்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் பத்திரப்படுத்தினார்.

வாசல்வரை போனவள், பந்தை மேசையிலேயே விட்டுவிட்டது நினைவு வந்து திரும்பினாள். உள்ளே உதவியாளர் பெண் தடித்த விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“சார், தேடித் தேடிப் பார்த்துட்டேன், இந்த எட்டுக் கையெழுத்து எந்தப் பக்கத்துலயும் இல்லையே. ஒருத்தர் விலகணும்னா நிஜமா எத்தனை கையெழுத்து சார் வேணும்?”

முட்டுக்கட்டை இழுப்பறையைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணுதாம்மா. அதை அந்தப் பொண்ணு திங்கட்கிழமையே அப்பாகிட்ட வாங்கிட்டு வந்துட்டா.”