கவுன்சிலர் வீடு ஸ்டாப்

"அடுத்தது மகாராணி அரண்மனை, இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் கூவியதும் பஸ்ஸே சிரித்தது.

மெயின் ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்த பஸ், ஒரு குறுகலான தெருவுக்குள் மூக்கை நுழைத்துத் திணறியது.

கத்தரி மட்டும் சிரிக்கவில்லை. போக்குவரத்துத் துறையில் பஸ் எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போடுகிற அதிகாரி அவள். சீக்கிரமே மெட்ரோ திறக்கப் போகிறது. தலைநகரத்து பஸ்களெல்லாம் சுற்றி வளைக்காமல் ஸ்டேஷனுக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேண்டாத வளைவுகளை வெட்டி எறிவதுதான் அவள் வேலை. அதனால் ஆபீஸ் வைத்த பெயர் கத்தரி.

சொந்த அண்ணன் கடை வாசலில் இருந்த ஸ்டாப்பையே வெட்டியவள். அண்ணன் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"யாருங்க அந்த மகாராணி?" என்று கண்டக்டரைக் கேட்டாள்.

"பழைய கவுன்சிலர் சம்சாரம். அந்தம்மா கால் நோகக் கூடாதுன்னு மனுஷன் பஸ்ஸையே வீட்டு வாசலுக்குத் திருப்பிட்டார். ஸ்டாப்புக்குப் பேரே 'கவுன்சிலர் வீடு'. அடுத்த எலெக்‌ஷன்ல ஜனங்க அவரை வீட்டுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. வளைவு மட்டும் போகல."

"இந்தத் தடவை போயிடும்" என்றாள் கத்தரி.

"அண்ணா, கவுன்சிலர் வீடு வந்தா சொல்லுங்க."

கேட்டது, தோளில் தூங்கும் குழந்தையோடு நின்ற ஒரு பெண். காலில் செருப்பில்லை. ஒரு பக்கக் கன்னத்தைத் துணியால் மூடியிருந்தாள்.

"மனு கொடுக்கவா? அவர் இப்ப கவுன்சிலரே இல்லம்மா" என்றார் கண்டக்டர்.

அந்தப் பெண் பின்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள். ஸ்டாப் வந்ததும் இறங்கினாள். கத்தரியும் இறங்கினாள். இந்த ஆளிடம் போய் உதவி கேட்க வந்திருக்கிறாளே என்று பாவமாக இருந்தது.

ஆனால் அந்தப் பெண் கவுன்சிலர் வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிரே, உயரமான மதில் வைத்த வீட்டின் கதவைத் தட்டினாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு கை அவளைக் குழந்தையோடு உள்ளே இழுத்துக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

கவுன்சிலர் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள், இவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் கவுன்சிலர் வீட்டம்மாவா? போக்குவரத்துத் துறையிலேருந்து வர்றேன். இந்த வளைவை எடுக்கப் போறோம். இனிமே நீங்க மெயின் ரோடு வரைக்கும் நடக்கணும்."

"நானா? நான் பஸ்லயே ஏறுறதில்லைங்க. ஏறினா குமட்டும்."

"அப்ப யாருக்காக இந்த ஸ்டாப்?"

அந்த அம்மாள் தெருவின் இரண்டு கோடியையும் பார்த்தார். கேட்டைத் திறந்தார். "உள்ள வாங்க."

கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"இப்ப ஒரு பொண்ணு போனாளே, பார்த்தீங்கல்ல? புருஷன்கிட்ட அடிபட்டு, உயிர் பிழைச்சாப் போதும்னு ஓடி வர்றவங்க தங்குற வீடு அது. போர்டு கிடையாது. விலாசமும் யாருக்கும் கொடுக்கிறதில்ல. முன்னெல்லாம் மெயின் ரோட்டுல இறங்கி, அங்க இங்க வழி கேட்டு வருவாங்க. பின்னாடியே அவனும் அதே ஆளுங்ககிட்ட கேட்டுட்டு வருவான். அப்படி வந்தவளை ஒருத்தன் இந்தத் தெருமுனையிலேயே..."

அந்த அம்மாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"அப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் பஸ்ஸைத் திருப்பினார். இப்ப உதவி கேட்கிறவங்களுக்குப் போன்ல சொல்றது ஒண்ணுதான். கவுன்சிலர் வீடு ஸ்டாப்புல இறங்கு, எதிர்க் கதவைத் தட்டு. கவுன்சிலர் வீட்டுக்குப் போறேன்னா யார் சந்தேகப்படுவா?"

"இதை எலெக்‌ஷன்ல சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பாரே."

"சொன்னா ஊருக்கே இடம் தெரிஞ்சிடுமே. பொண்டாட்டிக்காகத்தான் திருப்பினேன்னார். ஜனங்க உடனே நம்பிட்டாங்க." அந்த அம்மாள் சிரித்தார். "எனக்கும் மகாராணி பட்டம் சும்மா கிடைச்சுது."

கத்தரிக்கு வெட்கமாக இருந்தது. நேராக ஓடுவதெல்லாம் நல்லது, வளைவதெல்லாம் ஊழல் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

"வெட்டிடுவீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

கத்தரி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த வாரம் ஆபீசில் கூட்டம். பெரிய திரையில் புது வரைபடம். கோடுகளெல்லாம் நேராக இருந்தன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு புடைப்பு.

"என்னம்மா இது, கவுன்சிலர் வளைவு அப்படியே இருக்கு?" என்றார் இயக்குநர். "காரணமும் எழுதல. மேலிடத்துல யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

கத்தரி சுற்றிலும் பார்த்தாள். இன்ஜினீயர்கள், கான்ட்ராக்டர் ஆட்கள், பத்திரிகைக்காரர் ஒருவர். அந்த அறையில் சொன்ன எதுவும் அந்த அறையோடு நின்றதில்லை.

அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷ வேலையில் அவள் சம்பாதித்தது நேர்மையானவள் என்கிற ஒரு பெயரைத்தான்.

"எங்க சித்தி அந்தத் தெருவுல இருக்காங்க சார். முட்டி வலி. ரொம்ப தூரம் நடக்க முடியாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அண்ணன் கடைக்கே வளையாத கத்தரி, சித்திக்கு வளைஞ்சிடுச்சே" என்றது பின்வரிசை.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "ஒரு வளைவுதானே, இருந்துட்டுப் போகட்டும். ஆனா உங்ககிட்ட இதை நான் எதிர்பார்க்கலம்மா."

"சாரி சார்" என்று தலைகுனிந்து உட்கார்ந்தாள், சித்தி என்று ஒருத்தரே இல்லாத கத்தரி.