முதல் நாள் குதிரை

"ஏன்யா, நீ சொன்ன குதிரை ஒண்ணாவது ஜெயிச்சுத் தொலைச்சிருக்கா?"

பந்தய மைதானத்து மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட டிப்ஸ்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"புதுசா நாலு பேர் வரட்டும்னுதான் டிக்கெட் இல்லாம உள்ள விடறேன். வர்றவனுக்குத் தொப்பி, ஜூஸ் எல்லாம் கொடுக்கறேன். குதிரை பார்த்துச் சொல்ல உன்னையும் உட்கார வெச்சிருக்கேன். முதல் நாள் ஜெயிச்சாத்தானே அடுத்த வாரமும் வருவான்? உன்கிட்ட வந்தவன் எவனும் அப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சே படுக்கறதில்லை."

"வாயில்லா ஜீவன் சார். அது மனசுல என்ன இருக்குன்னு..."

"கதை விடாதே. இன்னிக்கு உன் ஆள் ஒருத்தனாவது ஜெயிக்கணும். இல்லேன்னா அடுத்த வாரம் நீ வராதே."

டிப்ஸ்காரர் தலையாட்டினார். இந்த வயதில் இந்த வேலையும் போனால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. ஒரு வாடகை அறை, அதில் ஒரு ஸ்டவ், ஒரு பாய். அவ்வளவுதான் அவருடைய உலகம். குதிரைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தெரிந்து என்ன பிரயோசனம்? வாயைத் திறந்தால் தோல்விதான்.

மஞ்சள் தொப்பியோடு ஓர் இளம் ஜோடி வந்து நின்றது.

"அண்ணே, நான் பிளம்பர். குழாயைப் பத்திக் கேளுங்க, விடிய விடியச் சொல்வேன். குதிரையைப் பத்தி ஒரு இழவும் தெரியாது. நல்லதா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க."

"வேடிக்கை பார்க்கத்தானே கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி.

"இன்னிக்கு ஒரு நாள்தானே. தோத்தா இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன், போதுமா?"

ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அந்த வேலியோரமாக இருவரையும் அழைத்துப் போனார் டிப்ஸ்காரர். ஒவ்வொரு குதிரையின் காலையும் முதுகையும் கண்ணாலேயே தடவிப் பார்த்தார். மூன்றாம் நம்பர் தரையில் கால் பாவாமல் துள்ளியது. ஏழாம் நம்பருக்குத் தடித்த கால், அகலமான குளம்பு. பந்தயத்துக்கு வந்ததா, வண்டி இழுக்க வந்ததா என்று கேட்கத் தோன்றும்.

"ஏழு," என்றார்.

"மூணு நல்லாத் துள்ளுதே அண்ணே?"

"துள்ளுறதெல்லாம் ஓடாது தம்பி. ஏழுல கட்டு."

பிளம்பர் கவுண்ட்டரில் ஏழின் மேல் பணம் கட்டி, டிக்கெட்டோடு வந்தான்.

குதிரைகள் கிளம்புமிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டியது. காய்ந்து கிடந்த ஓடுபாதை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறானது.

டிப்ஸ்காரரின் முகம் செத்துப்போயிற்று. நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

"தம்பி, டிக்கெட்டைக் கொடு. மூணுக்கு மாத்திடலாம்."

"ஏன் அண்ணே?"

"கேள்வி கேட்காம வா. கவுண்ட்டரை மூடிடுவாங்க."

பக்கத்தில் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "வேலை போயிடும்னு அண்ணனுக்கு உதறல் எடுத்துடுச்சு."

பிளம்பர் டிக்கெட்டைச் சட்டைப்பைக்குள் பத்திரமாகத் திணித்துக்கொண்டான். "நீங்க முதல்ல சொன்னதுதான் அண்ணே நமக்கு ராசி. மாத்தமாட்டேன்."

மணி அடித்தது. கவுண்ட்டர் மூடியது.

மூன்றாம் நம்பர் முதல் திருப்பத்திலேயே வழுக்கிப் பின்தங்கியது. மற்றவை சேற்றில் கால் வைக்கவே கூசின. ஏழு மட்டும் தன் அகலக் குளம்பை அழுத்தி ஊன்றி, அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து முதலில் நின்றது.

பிளம்பர் டிப்ஸ்காரரைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கிவிட்டான்.

மேனேஜர் குடையோடு வந்து அவர் முதுகில் தட்டினார். "இப்படி வாரத்துக்கு ரெண்டு பேரை ஜெயிக்க வை. உன் வேலைக்கு நான் கியாரண்டி." போட்டோக்காரரைக் கூப்பிட்டு மூவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படமும் எடுத்தார். அடுத்த வாரப் போஸ்டருக்காம்.

"சொந்தமா ஒரு கடை போடணும்னு வருஷக்கணக்கா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்க்கறோம் அண்ணே. இப்படி ஒரு வழி இருக்கறது தெரியாமப் போச்சே. அடுத்த தடவை என் மச்சானையும் இழுத்துட்டு வர்றேன்." சொல்லிக்கொண்டே பிளம்பர் அடுத்த ஓட்டத்துக்குக் கட்ட ஓடினான்.

மனைவி மட்டும் நின்றாள்.

"வேலை நிலைச்சிடுச்சு. அப்புறமும் ஏன் அண்ணே அழறீங்க?"

"அவரைத் தடுத்துடும்மா. அது தோக்கணும்னே நான் பொறுக்கி எடுத்த குதிரை. யார் வந்து கேட்டாலும் தோக்கற குதிரையாத்தான் காட்டுவேன். முதல் நாளே தோத்துட்டா மனுஷன் பேசாம வீடு போய்ச் சேர்ந்துடுவான். இந்தப் பாழாப்போன மழை வரும்னு நான் நினைக்கலை."

அவள் திரும்பி, "என்னங்க, இங்க வாங்க," என்று கூப்பிட்டாள். கூட்டத்தின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. வரிசையில் முண்டியடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் ஒரு கடை இருந்துச்சும்மா," என்றார் டிப்ஸ்காரர். "முதல் நாள் நானும் ஜெயிச்சேன்."