முடியாது என்று ஒரு வரி

"போட்டது யாருன்னு சொல்லுங்க மேடம். இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள இந்த ஆபீசுக்குப் பூட்டு" என்று மேஜையைத் தட்டினார் அரசாங்க அதிகாரி. தட்டிய கை நடுங்கியது. மனுஷனுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தாள் மேனேஜரம்மா.

அமைச்சர் போனில் உளறிய உளறலை எவரோ பதிவு செய்து, இந்தக் கம்பெனியின் செயலியில் பெயர் போடாமல் போட்டுவிட்டார். ஊரே கேட்டுச் சிரித்தது. போட்டவரின் நம்பர் கம்பெனியிடம்தான் இருந்தது. கொடுத்தால் அந்த ஆளுக்கு ஜெயில் நிச்சயம்.

"எங்களை நம்பினவங்களைக் காட்டிக் குடுக்க முடியாது சார். கோர்ட் ஆர்டரோட வாங்க" என்று அவளும் ஒரு வாரமாகக் கரடியாய்க் கத்துகிறாள். யார் கேட்டார்கள்?

அதிகாரியின் பக்கத்தில் அமைச்சரின் உதவியாளன், ஒன்று விடாமல் கவனித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு போன் வரவே, எழுந்து வெளியே போனான்.

கதவு மூடியதுதான் தாமதம், அதிகாரியின் குரல் அடியோடு மாறிவிட்டது.

"அம்மா, சட்டப்படி முடியாதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. விஷயம் கோர்ட்டுக்குப் போனா மாசக்கணக்கா இழுக்கும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

எழுத்தில் மறுத்த கம்பெனிகள் என்ன கதியாயின என்று மேனேஜரம்மாவுக்குத் தெரியாதா? அந்தக் காகிதத்தைக் காட்டியே உரிமத்தைப் பிடுங்குவார்கள். மிரட்டிப் பார்த்தார், மசியவில்லை. இப்போது கும்பிட்டுத் தூண்டில் போடுகிறார். நல்ல நடிப்பு என்று பல்லைக் கடித்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வேலை செய்வதாகப் பாவனை பண்ணிக்கொண்டு ஆபீஸ் மொத்தமும் இவள் முகத்தையே பார்த்தது. அத்தனை பேர் பிழைப்பிலும் மண்ணைப் போடுவதா?

உதவியாளன் திரும்பி வந்தான். "மேலிடத்துல கொதிச்சுப் போயிருக்காங்க. என்ன சொல்றீங்க?"

"எங்களை விட்டுடுங்க சார்" என்று கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினாள். பாவம் செய்கிறோம் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

திரையைப் பார்த்து நம்பரை அமுக்கி, செல்லைக் காதில் வைத்தான் உதவியாளன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்.

"எடுக்க மாட்டா தம்பி. என் பொண்ணு இந்நேரம் காலேஜ்ல இருப்பா."