ஆறு வேலி, ஒரு கேப்டன்

அமிர்தலிங்கம் தன் வயலில் தனியாக அறுக்கிறார். ஆறு வருடம் நாட்டுக்கே கிரிக்கெட் கேப்டனாக இருந்தவர்; பந்தும் போடுவார், மட்டையும் பிடிப்பார். சென்னையில் அவர் அடித்த சிக்ஸர் மூன்றாம் நாள் தரங்கம்பாடியில் சங்கரா மீனோடு வலையில் ஏறியது; மீன் வாங்கப் போய் அந்தப் பந்துக்கு விலை பேசியவனே நான்தான். இப்போது அவருடைய இடக்கையில் கருக்கரிவாள். வலக்கைக்காரனுக்குப் பல் வைத்தது, தாளை விட்டு விரலைக் கடிக்கிறது. கூலி கூட்டிக் கேட்ட உள்ளூர் ஆட்களை ஒதுக்கி வெளியூர் ஆட்களை அறுப்புக்கு அழைத்திருந்தார். வந்தவர்கள் வரப்பில் உள்ளூர் ஆட்கள் நட்ட செங்கொடியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். ஆறு வேலி நிலத்துச் சம்பா முற்றித் தலைகவிழ்ந்து நிற்கிறது. கிழக்கே வானம் கருக்கிறது. புளியமரத்தடியில் போலீஸ் வேன், மேலிடத்து உத்தரவுக்காகத் தூங்குகிறது. வாய்க்கால் கரையில் சேரியே உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கூலி நெல் போனால் ஆடி வரை அவர்கள் அடுப்பிலும் பூனைதான்.

“ஐயா, பந்து போடவும் நீங்க, அடிக்கவும் நீங்க. கட்டுத் தூக்கவும் நீங்கதானா?” என்கிறான் வைரக்கண்ணு. யாரோ சிரிக்கிறார்கள். அவன் மனைவி காத்தாயி, அந்த வயலை நட்டவள், தாங்காமல் எழுகிறாள். “உக்காரு புள்ளே. அவரு வாயால கூப்பிடட்டும்.” உட்கார்கிறாள்.

“கூப்பிட மாட்டேன்டா,” என்கிறார் கேப்டன், நிமிராமல்.

“மழை வந்தா உங்க ஆட்டத்துல என்னங்க செய்வீங்க?”

“நிறுத்திட்டு உள்ளே போயிடுவோம். யாருக்கும் தோல்வி இல்லே.”

முதல் துளி கதிரில் விழுகிறது, அடுத்தது அவர் பிடரியில். வயலிலும் கரையிலும் ஒருவரும் நகரவில்லை. நெல் மட்டும் சாயத் தொடங்குகிறது.