பதினொன்றாவது பூச்சு

மாதிரி மலை செய்யத் தெர்மாகோல் போதும் என்றுதான் கடைக்காரர் காஜா மைதீன் எப்போதும் சொல்வார். “எடையும் இருக்காது, வேலையும் சுளுவா முடியும்மா.” பிலோமினா இந்த முறையும் பிளாஸ்டர் மாவையே வாங்கிக்கொண்டு, தான் மட்டும் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினாள்.

தெர்மாகோலை அறுத்தால் பல் கூசும். காகிதக்கூழ் மூன்று நாளானாலும் ஜில்லென்று ஈரமாகவே கிடக்கும். பிளாஸ்டர் அப்படியில்லை. குழைத்துக் கம்பிவலை மேல் ஊற்றினால், இறுகும்போது லேசாகக் காய்ச்சல் கண்ட உடம்புபோலச் சூடாகும். அவள் மலைச்சரிவில் உள்ளங்கையை வைத்தபடி, அது ஆறும்வரை உட்கார்ந்திருப்பாள். ஆறியதும் இன்னொரு பூச்சு. ஒரு மலைக்கு மூன்று பூச்சு போதும். இது பதினொன்றாவது.

அணைக்கட்டுக்கு மாதிரி செய்யச் சொல்லியிருந்த இன்ஜினியர், வேலையைப் பார்க்க வந்து வரைபடத்தை விரித்தார். “மேடம், மலை இவ்ளோ உசரம் இல்லையே.”

“தெரியும் சார்.”

அளப்பதற்காக உச்சியில் கை வைத்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “சூடா இருக்கு.”

“கொஞ்ச நேரம்தான். ஆறிடும்.”

அளவு நாடா மேசையிலேயே இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.