அஞ்சேகால் பஸ்

மூன்று பேரும் அவர் எப்போது தொலைவார் என்றுதான் காத்திருந்தார்கள். திருவேங்கடத்துக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"கிளம்புங்க சார், அஞ்சேகால் பஸ் போயிடும்," என்றான் நிதின், மூன்றாவது தடவையாக.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடிதண்ணீர்ப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பம்பாயிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். ஐம்பது பக்க ரிப்போர்ட் தயாராக இருக்க வேண்டும். போன வருஷம் அத்தனையையும் ஒண்டியாக எழுதி, கடைசிப் பக்கத்தின் மேலேயே மயங்கி விழுந்தவர் அவர்.

"வேலையைப் பிரிச்சுக் குடுங்க. இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்கிறது கஷ்டம்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி ராஜம் அதையே மூன்று வேளையும் சொல்கிறாள், மாத்திரையோடு சேர்த்து.

சரியென்று பிரித்துக் கொடுத்தாயிற்று. குழாய் வரைபடம் நிதினுக்கு. எழுத்து வேலை ஷபானாவுக்கு. ரூத்துக்குப் பக்க எண் போடுவது மட்டும். என்றைக்கோ ஒரு தப்பு செய்தாள் என்று, அவளை நம்பி ஒரு ஸ்கேலைக்கூட அவர் கொடுப்பதில்லை.

"அலமாரிச் சாவி பத்திரம். அப்புறம் அந்த மூணாவது படத்துல..."

"சார், பஸ்!"

அவர் வராந்தாவைத் தாண்டவில்லை, உள்ளே கொல்லென்று ஒரு சிரிப்பு. அடப்பாவிகளா, இதற்குத்தானா இந்த அவசரம்!

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில் இருக்கும்போது இந்த மாமல்லபுரம் ரோட்டைப் பார்த்து எத்தனை வருஷம்! சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் வந்து வந்து மறைந்தது. உப்புக் காற்று முகத்தைத் தடவிக்கொடுத்தது. கண் சொக்கியது.

கனவில் ஐம்பது பக்கங்களும் கொக்குக் கூட்டம் போல் கடல்மேல் பறந்துகொண்டிருந்தன. எல்லாப் பக்கத்திலும் ஒன்று என்ற ஒரே எண். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரம் ஓடுகிறார். ஒன்றும் கைக்குச் சிக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், அது சுகமாகவே இருந்தது. பறந்தால் பறக்கட்டுமே என்றுகூடத் தோன்றியது.

அப்போது கனவுக்குள்ளும் அந்தச் சிரிப்பு கேட்டது.

"நிறுத்துப்பா! இறங்கணும்!"

எதிரே வந்த டவுன் பஸ்ஸைப் பிடித்து, ஆபீஸ் கேட்டில் வந்து நின்றபோது வானம் ஆரஞ்சாகியிருந்தது. வாட்ச்மேன் ஞானதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னா சார், வந்துட்டீங்களா? ஆறு பத்து! கரீட்டாத்தான் சொன்னாங்க."

"யார் சொன்னா?"

"பந்தயம் சார். ஆறரைக்குள்ள நீங்க திரும்பி வந்துடுவீங்களா இல்லியான்னு. பத்து மசால்வடை. நீங்க அப்பால போனதும் ஒரே சிரிப்பு."

திருவேங்கடத்துக்குச் சுருக்கென்றது. "என்னை வெச்சே பந்தயமா! வேலை என்ன ஆச்சு?"

"அது பாட்டுக்கு ஓடிகினு கீது சார். டீ குடுக்கப் போனேன், ஒருத்தரும் தலய தூக்கல. ஒரே தண்ணி டேங்க்கை நிதின் சாரு ரெண்டு தபா வரைஞ்சு வெச்சுட்டாராம். நம்ம ரூத்தம்மா தான் கண்டுபுட்ச்சுது."

"ரூத்தா!"

மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. மேஜைமேல் மூன்று தலைகள் கவிழ்ந்திருந்தன. என்றைக்கும் அஞ்சேகாலுக்குப் பறக்கிற ஆட்கள்! இருந்தாலும் கால் கேட்குமா? அந்த மூணாவது படத்தை மட்டும் ஒரு பார்வை, ஒரே ஒரு பார்வை... முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

"போங்க சார், போங்க. ரூத்தம்மா பாடுதான் பேஜாரு, பத்து வடை அதுதான் வாங்கணும்."

"ஏன், அவ என்ன சொன்னா?"

"அவுங்க ரெண்டு பேரும் நீங்க வந்துடுவீங்கன்னாங்க. இது ஒண்ணுதான் சார், 'வர மாட்டாரு. எங்க சாரு நம்பிக் குடுத்துட்டா குடுத்ததுதான்'னு ஒத்தக்கால்ல நின்னுச்சு."

திருவேங்கடம் அப்படியே நின்றார். பிறகு காலை மெதுவாகப் பின்னால் எடுத்தார். குனிந்து, மாடிக்குச் சத்தம் கேட்காதபடி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஞானதாஸ்," என்றார் கிசுகிசுப்பாக. "நான் வரவே இல்லை. ரூத் ஜெயிச்சுட்டா."